லோ யாட் மாடிகளில் ஒரு சனிக்கிழமை



கோலாலம்பூருக்குப் போனால் நம்மவர்கள் எங்கெங்கே போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பத்துமலையில் ஒரு கும்பிடு, மஸ்ஜித் இந்தியா சாலையில் சேலை, இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு, பொழுது சாய வீடு. நானும் அப்படித்தான் போய் வந்துகொண்டிருந்தேன். ஆனால் இந்தத் தடவை உங்களை அழைத்துப் போவது வேறோர் இடத்துக்கு. அங்கே சேலையும் இல்லை, சாமியும் இல்லை. ஆறேழு மாடிகளிலும் கணினியும் கைப்பேசியும்தான். புக்கிட் பிந்தாங் வட்டாரத்திலுள்ள லோ யாட் பிளாசா!

உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

என் அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். அவர் மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. வகுப்பு தொடங்க இரண்டு வாரம் இருந்தது. அவளிடம் இருந்ததோ 2018-இல் வாங்கிய மடிக்கணினி. நான் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கப் போனால், குடித்து முடித்த பிறகுதான் திரையில் படம் வரும். எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்படியே உறைந்து நிற்கும். பட்டணத்துக் கடை ஒன்றில் காட்டினோம். மூடியைக்கூடத் திறக்காமல், “போர்டு போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்” என்றார்கள். அண்ணன் ஒன்றும் பேசாமல் கணினியைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிரவு அண்ணி தன் கைச்சங்கிலியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்ததை நான் பார்த்தேன். அடகுக் கடைக்குத்தான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

எனக்கு இதில் பழைய காயம் ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய வேறொரு கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். திரும்பி வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. ஆனால் உள்ளே ஒன்றுமே இல்லை. எங்கள் அம்மா கடைசித் தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த படங்கள் அதிலேதான் இருந்தன. “ஃபார்மட் செய்துவிட்டோம், நீங்கள் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்” என்றார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாதபோது, எதைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்பது?

ஆகவே இந்தத் தடவை சங்கிலியை அடகுக்குப் போக விடக்கூடாது என்று தீர்மானித்தேன். “முதலில் நாமே பார்ப்போம், அத்தை” என்றாள் அண்ணன் மகள்.

பார்ப்பதற்குக் காசு வேண்டாம், வாசகர்களே. விண்டோஸ் கணினியாக இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் என்ற பக்கம் திறக்கும். எந்த உறுப்பு திணறுகிறது என்பதை அது காட்டிவிடும். எங்கள் கணினியில் ஹார்ட் டிஸ்க் ஒரு வேலையும் செய்யாதபோதே நூற்றுக்கு நூறு என்று நின்றது. ரேம் 4 ஜிபிதான். அதற்கான இரண்டு இடங்களில் ஒன்று காலி என்றும் அதே பக்கம் சொன்னது. போர்டு போயிருந்தால் இதெல்லாம் தெரியுமா?

ரேம் என்பது சமையல் மேடை; ஹார்ட் டிஸ்க் என்பது சாமான் அறை. மேடை சிறியதாக இருந்தால் ஒவ்வொரு சட்டியையும் எடுப்பதும் வைப்பதுமாக அறைக்கு ஓட வேண்டும். அந்த அறையின் கதவும் மெதுவாகத் திறந்தால் என்ன ஆகும்? பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு சுழல்கிறது. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. ஓர் ஊசி அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்கிறது. எஸ்.எஸ்.டி. எனப்படும் புது வகைச் சேமிப்பில் சுழலும் பொருள் எதுவுமே இல்லை. அதனால்தான் அந்த வேகம்.

கணினியின் அடிப்பக்கம் ஒட்டியிருந்த மாடல் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். சனிக்கிழமை காலை சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினோம்.

கே.எல். சென்ட்ரலில் இறங்கி, பிரிக்ஃபீல்ட்ஸில் தோசை தின்று பசியாறிவிட்டு, நு சென்ட்ரல் பேரங்காடியின் வழியாக மோனோரயிலைப் பிடித்தோம். 2003-ஆம் ஆண்டு தேசிய தினத்தன்று ஓடத் தொடங்கிய ரயில் இது. அடுத்த நிலையத்தின் பெயர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்தே தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர் என்பதை நம் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் மகளுக்குச் சொன்னேன். “நாம் உழைக்கிற இடத்தை நாமே வாங்குவதா!” என்று வியந்தாள். 

அதற்குப் பின் மகாராஜாலேலா, ஹங் துவா. ஹங் துவா நிலையத்தருகே ஒரு காலத்தில் புடு சிறை இருந்தது. இன்று அதே இடத்தில் வானளாவிய கட்டடங்களும் பேரங்காடியும் நிற்கின்றன. சிறையின் பழைய வாசலை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த நிலையம் இம்பி. அங்கே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் லோ யாட்.

இந்தப் பெயர் ஒரு மனிதரின் பெயர். லோ யாட் என்ற தொழிலதிபர் கட்டிய ஃபெடரல் ஓட்டல் 1957-இல் நாடு சுதந்திரம் பெற்றபோது, விழாவுக்கு வரும் விருந்தினர்களுக்காகத் திறக்கப்பட்டது. அதை ஒட்டினாற்போல் 1999-இல் எழுந்ததுதான் லோ யாட் பிளாசா. 

உள்ளே நுழைந்ததும் கண் கூசுகிறது. கீழ்த்தளங்களில் எல்லாம் கைப்பேசிகளும் பளபளக்கும் புதுக் கணினிகளும்தான். “பாஸ், என்ன வேணும்? அக்கா, பாருங்க!” என்று நாலு மொழியிலும் அழைக்கிறார்கள். அங்கே நின்றால் புதிது வாங்கத்தான் மனம் போகும். நகரும் படிக்கட்டில் மேலே போங்கள். மேலே போகப் போக வெளிச்சம் குறைகிறது, கடைகள் சிறுக்கின்றன, பழுது பார்க்கும் மேசைகளும் உதிரிப் பாகங்களும் கண்ணில் படுகின்றன. வயிறு திறந்த கணினிகள் வரிசையாகக் கிடக்கின்றன. விசைப்பலகை தனியாக, திரை தனியாக, விசிறி தனியாக! நமக்கு ஒரே பொருளாகத் தெரிந்தது இத்தனை துண்டுகளா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அண்ணன் மகளோ, “அத்தை, நம் அப்பாவின் லாரிப் பட்டறை மாதிரியே இருக்கிறது” என்றாள்.

ஒரு கடையில் கேட்ட விலையோடு நின்றுவிடக் கூடாது என்று மூன்று கடைகளில் விசாரித்தோம். விலை மூன்று விதம். ரேம் விலை உலகெங்கும் 2025-இன் இறுதியில் கடகடவென்று ஏறியது. ஆகவே இன்று இவ்வளவு என்று நான் எழுதினால் நீங்கள் போகும்போது அது வேறாக இருக்கும். மூன்று கடை என்ற கணக்கை மட்டும் மறக்காதீர்கள்.

மூன்றாவது கடையில் இருந்தவர் ஒரு சீனப் பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்கள் தாளைப் படித்தார். “யார் எழுதியது?” என்றார் மலாயில். “நான்தான், அங்கிள்” என்றாள் இவள். பெரியவர் மேசை மேல் மூன்று ரேம் அட்டைகளை வரிசையாக வைத்தார். பார்ப்பதற்கு மூன்றும் ஒன்றே போல இருந்தன. பிறகு விரலால் காட்டினார். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு வெட்டு. ஒவ்வொன்றிலும் அது வெவ்வேறு இடத்தில். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5. ஒரு வகைக்கு உரிய இடத்தில் இன்னொன்று உட்காராது. மாற்றிச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த வெட்டு. எங்களுடையதற்கு டிடிஆர்4. 8 ஜிபி அட்டை ஒன்று போதும். இருக்கும் 4 ஜிபியை எடுக்காமல் காலி இடத்தில் இதைப் போட்டால் 12 ஆகும் என்றார். இரண்டின் வேகமும் வேறாக இருந்தால் குறைந்ததன் வேகத்தில் இரண்டும் ஓடும், அவ்வளவுதான்.

எஸ்.எஸ்.டி.யிலும் இரு வடிவம் உண்டு. ஒன்று இரண்டரை அங்குலம் எனப்படும், பழைய ஹார்ட் டிஸ்க்கின் அதே அளவு. மற்றது எம்.2 எனப்படும் மெல்லிய சீட்டு. 2280 என்று எழுதியிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். எங்கள் கணினிக்கு முதல் வகைதான் பொருந்தும். அதோடு பழைய ஹார்ட் டிஸ்க்கை வெளியிலிருந்து இணைக்க ஓர் உறையும், சிறு திருப்புளி ஒன்றும் வாங்கினோம். எல்லாம் சேர்த்தும் புதுக் கணினியின் விலையில் பாதிகூட வரவில்லை. இரசீதையும் உத்தரவாதச் சீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

“நீங்களே மாட்டிக் கொடுங்கள்” என்றேன் நான். பெரியவர் தலையாட்டினார். ஆனால் இவளைப் பார்த்து, “அடேக், தாக்குட் அப்பா?” என்றார். இவள் சிரித்துவிட்டாள். எதற்குப் பயம் என்று அவர் கேட்டது என் காதில் ‘பயமா, அப்பா?’ என்பது போல விழுந்தது! நாற்காலியை இழுத்துப் போட்டு, மேசையில் கிடந்த பழுதான கணினி ஒன்றை அவள் முன்னால் தள்ளினார். “இதில் பழகு. கெட்டால் பரவாயில்லை, ஏற்கெனவே கெட்டதுதான்.”

அரை மணி நேரம் அந்தக் குழந்தை அட்டையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். நான் நின்று பார்த்தேன். வாடிக்கையாளர் இருவர் வந்து போனார்கள். பெரியவர் அவசரப்படுத்தவில்லை.

இனி வீட்டுக் கதை. நீங்களும் செய்து பார்க்க நினைத்தால், நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வேலை திருப்புளியைத் தொடுவதல்ல, உள்ளிருப்பதைக் காப்பாற்றுவது. படங்களையும் பாடங்களையும் முதலில் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டோம். பிறகு புது எஸ்.எஸ்.டி.யை அந்த உறையில் போட்டு வெளியே இணைத்து, பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்க விட்டோம். இதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. இரவு முழுவதும் ஓடியது.

காலையில் கணினியை முழுவதுமாக அணைத்தோம். மூடி வைத்தால் அது தூங்குமே தவிர அணையாது. மின்கம்பியைப் பிடுங்கினோம். ஒரு வெள்ளைத் தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதே இடத்தில் நாடாவால் ஒட்டினோம். இதை விளையாட்டென்று எண்ணாதீர்கள். திருகாணிகள் ஒரே நீளமல்ல. நீளமானதைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால் அது உள்ளே இருக்கும் போர்டைக் குத்திவிடும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் மூடி வரவில்லை. இழுத்திருந்தால் உடைந்திருக்கும். தேடிப் பார்த்தால் ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு திருகாணி ஒளிந்திருந்தன! பிறகு பழைய வங்கி அட்டை ஒன்றை விளிம்பில் செருகி மெல்ல நெம்பினோம்.

உள்ளே போனதும் முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். கழற்றும் வரை வேறொன்றையும் தொடாதீர்கள். உங்கள் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். ஆகவே கம்பளத்தின் மேல் உட்காராமல், அவ்வப்போது ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்ளுங்கள். ரேம் அட்டையைப் பொன்னிறப் பற்களில் பிடிக்காமல் ஓரத்தில் பிடியுங்கள். சாய்வாகச் செருகி, பிறகு கீழே அழுத்தினால் இருபக்கக் கொக்கிகளும் ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்கை அதன் சட்டத்தோடு எடுத்து, சட்டத்தைக் கழற்றி எஸ்.எஸ்.டி.க்குப் பூட்டி, அதே இடத்தில் தள்ளினோம். விசிறியில் பஞ்சு போல அடைத்திருந்த தூசியை, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தோம். கடைசியாக மின்கலத்தை இணைத்தோம்.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. திரை கறுப்பு.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கறுப்புதான். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கை நடுங்கியது. பெண்ணிடம் இருந்த ஒன்றையும் நானே கெடுத்துவிட்டேனா? அவள்தான், “பொறுங்கள் அத்தை, அங்கிள் சொன்னார்” என்றாள். அணைத்தாள், மறுபடி திறந்தாள், மின்கலத்தைக் கழற்றினாள். ரேம் அட்டையை வெளியே எடுத்துப் பார்த்தால் அது முழுவதும் உள்ளே போகாமல் பொன்னிறப் பற்கள் கொஞ்சம் வெளியே தெரிந்திருக்கிறது. நாங்கள் கேட்ட ‘டக்’ ஒரு பக்கத்துக் கொக்கியின் ‘டக்’! அழுத்திச் செருகினாள். இந்தத் தடவை இரண்டு ‘டக்’.

திரையில் வெளிச்சம் வந்தது. நான் தேநீருக்கு எழவே இல்லை. அதற்குள் வேலைக்குத் தயாராகிவிட்டது. அண்ணன் அருகில் வந்து திரையைப் பார்க்காமல், தாளில் மீதமிருந்த திருகாணிகளைப் பார்த்தார். “எல்லாம் போட்டுவிட்டு எதுவும் மிஞ்சக்கூடாது, தெரியுமா?” என்றார். லாரிக்காரர் அல்லவா! எதுவும் மிஞ்சவில்லை.

ஆர்வத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியைத் திறக்குமுன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள். மின்கலம் உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். விரல் தடவும் பலகை மேலே எழும்பி நின்றால் அதுவே அறிகுறி. அதை அழுத்தவோ குத்தவோ மறுபடி மின்னேற்றவோ கூடாது, தீப்பிடிக்கும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னேற்றும் கருவியையும் பிரிக்காதீர்கள். மிக மெல்லிய புதுக் கணினிகள் பலவற்றில் ரேம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்றவே முடியாது. வாங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எங்கள் கணினி இன்டெல் 8-ஆம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11-க்கு இடம் கொடுத்தது. அதற்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் செலவு செய்யுமுன் யோசியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸும் ஒரு வழி. ‘மலிவு விலையில் மாபெரும் கொள்ளளவு’ என்று விற்கும் பென் டிரைவுகளையும் எஸ்.எஸ்.டி.களையும் நம்பாதீர்கள், எழுதியிருக்கும் அளவு உள்ளே இராது.

யோசித்துப் பார்க்கிறேன். நம் தோட்டங்களில் சைக்கிள் பஞ்சரானால் யாராவது கடைக்குக் கொண்டு போனார்களா? வாசலில் கவிழ்த்துப் போட்டு, ஒரு பேசின் தண்ணீரில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்து ஒட்டிவிடுவார்கள். பக்கத்தில் குந்தியிருக்கும் பிள்ளையும் அதைக் கற்றுக்கொள்ளும். பெட்டி பளபளப்பாக ஆனதும் அந்தத் துணிச்சலை எங்கேயோ விட்டுவிட்டோம். நமக்கு வேலை தெரியாதது பெரிய நட்டமில்லை. கடைக்காரர் செய்து கொடுப்பார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனால், அவர் சொன்னதெல்லாம் விலை. அவர் அழித்ததெல்லாம் போனதுதான்.

அண்ணி அந்தச் சங்கிலியை மறுபடி கையில் போட்டுக்கொண்டார். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு மைலோ டின்னில், பெயரும் தேதியும் எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறோம். அதில் இருப்பவை முக்கியமான படங்கள் அல்ல. முக்கியமானவை என்றோ போய்விட்டன. இருந்தாலும் வைத்திருக்கிறோம்.

சென்ற வாரம் அண்ணன் மகள் விடுதியிலிருந்து பேசினாள். அறைத் தோழியின் கணினியைத் திறந்து தூசி துடைத்தாளாம். “அவள் பயந்தாள், அத்தை. நான் ‘தாக்குட் அப்பா’ என்றேன்” என்று சிரித்தாள்.

அடுத்த முறை கோலாலம்பூர் போகும்போது பத்துமலைக்கும் போங்கள், சேலையும் வாங்குங்கள். நேரமிருந்தால் இம்பியில் இறங்கி அந்த மேல் மாடிகளையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. வயிறு திறந்து கிடக்கும் அந்தக் கணினிகளை உங்கள் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும்.